பேஸ்மேக்கர் வச்சு 5 கிழமை. காயம் ஆறீட்டு, பயம் ஆறேல்ல. வெல்டிங் வேலைக்குத் திரும்பலாமா?

இரும்புக்கடையார்:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட சின்னதா ஒரு வெல்டிங் கடை வச்சிருக்கிறன். கேற், கிறில், ஓட்டோவுக்குக் கரியர், வள்ளக்காரருக்கு எஞ்சின் ஸ்டாண்ட், இப்பிடி வாற வேலையெல்லாம் செய்வன். வயசு 56. சீனி இல்ல, பிறஷர் கொஞ்சம், சிகரட் விட்டு 8 வருஷம்.

பேஸ்மேக்கர் வைக்க முதல் ரெண்டு மாசமா மாடிப்படி ஏற முடியாத களைப்பு, தலை கிறுகிறுப்பு. வெயில் எண்டு நினைச்சு தோடம்பழச் சாறு குடிச்சுக்கொண்டு திரிஞ்சன். பேந்து ஒருநாள் ஒருத்தருக்கு மிச்சக் காசு எண்ணிக் குடுத்துக்கொண்டு நிண்டவன் அப்பிடியே சரிஞ்சு போனன், கண்ணைத் திறக்க கடைப் பொடியன் அழுதுகொண்டு நிக்கிறான். 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நாடி 34. இதயத்தின்ர மேல் அறையில இருந்து கீழ் அறைக்குக் கரண்ட் போகேல்ல, முழு பிளொக் எண்டு சொன்னாங்க. இரும்புக்காரனுக்கு அது உடனே விளங்கீட்டு, மெயின் இருக்கு, நடுவில வயர் அறுந்து கிடக்கு. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முதல் ரெண்டு நாள் கழுத்தால தற்காலிக வயர் ஒண்டு விட்டு வச்சிருந்து, பேந்து இடப்பக்கக் காறையெலும்புக்குக் கீழ விறைக்கப் போட்டு, இதயத்தைத் துடிக்க வைக்கிற பேஸ்மேக்கர் பெட்டியை வச்சு ரெண்டு வயர் இறக்கிவிட்டவை. முழிப்பாத்தான் இருந்தனான், அவை சிங்களத்தில கிரிக்கெட் கதைச்சதும் கேட்டது.

வேலையை அருமையாச் செய்தவை, குறை சொல்லேலாது. ஆனா வீட்ட வரேக்க பெட்டி விவரம் போட்ட ஒரு அட்டை (காட்), ஒரு கடதாசி, ஆறாம் கிழமை கிளினிக் வா எண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதான். கடதாசி தமிழில இல்ல. கேக்கவும் ஆக்கள் இல்ல, வாட்டில கட்டிலுக்குக் கட்டில் சனம்.

இப்ப என்ர பிரச்சினையளைச் சொல்லுறன், ஒழுங்கில்லாமத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. பெரியம்மா வந்து கையை அசைச்சா வயர் கழண்டிடும் எண்டு சொல்லி துணியால தூளி மாதிரிக் கட்டி விட்டவ, மூண்டு கிழமை அவிழ்க்கவே இல்ல. இப்ப இடக்கை தோளுக்கு மேல வருதில்ல, சேட் போடவே மனுசி வேணும். மகள் விரலில மாட்டுற நாடி பாக்கிற மெசின் ஒண்டு வாங்கித் தந்தவள், அது எனக்கு எமன் மாதிரிப் போச்சு, ராவு ரெண்டு மணிக்கு எழும்பிப் பாத்தா 51 காட்டுது. காட்டில 60 எண்டெல்லோ போட்டிருக்கு, அப்ப பெட்டி பழுதா? அண்டைக்கு ஓட்டோ பிடிச்சு ஓடி ஈ.சி.ஜி எடுத்தா ஒண்டும் இல்ல எண்டாங்க, இருந்த டொக்டர் தம்பி ஒருமாதிரிப் பாத்தவர், அதுக்குப் பிறகு போகவும் வெக்கம். நித்திரை இல்ல. பெட்டி திடீரெண்டு நிண்டா என்ன செய்யுறது? மகன் போனில ஏதோ வீடியோ காட்டுறான், நெஞ்சில ஷொக் அடிச்சு ஒருத்தன் துள்ளி விழுறான், எனக்கும் உப்பிடி அடிக்குமோ? மனுசி கரண்ட் அடுப்பை மூடிப்போட்டு விறகில சமைக்கிறா, அடுத்த வீட்டார் ட்ரான்ஸ்போமருக்குக் கீழால போகாதேங்கோ எண்டுறார், எது உண்மை எது பொய் எண்டு தெரியேல்ல.

எல்லாத்திலயும் பெரிசு, வெல்டிங். 31 வருஷத் தொழில். எனக்கு வேற ஒண்டும் தெரியாது. தோலுக்குக் கீழ தீப்பெட்டி மாதிரிப் புடைச்சுக்கொண்டு நிக்குது, கை அறியாம அதிலயே போய் நிக்குது. சொல்ல வெக்கமாக் கிடக்கு, கடைக் கதவைத் திறந்துபோட்டு உள்ளுக்க இருந்து அழுதிட்டு வாறன்.

ஆரும் வச்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

பழைய மிஸ்ஸி, உவர்மலை:

தம்பி, முதல்ல அழுறதுக்கு வெக்கப்படாதேங்கோ. வாட்டில நேர்ஸா 30 வருஷத்துக்கு மேல நிண்டவள் நான், பேஸ்மேக்கர் வச்ச ஆக்களில கன பேர் வீட்ட போனாப் பிறகுதான் உடையிறவை. ஆஸ்பத்திரியில இருக்கேக்க மொனிற்றர் சத்தம் போட்டுக்கொண்டு காவல் இருக்கும், வீட்ட வந்தா காவல் இல்லாத மாதிரி இருக்கும்.

பெரியம்மாவின்ர தூளியை இண்டைக்கே எறியுங்கோ. 4 தொடங்கி 6 கிழமைக்கு இடக்கை முழங்கையைத் தோளுக்கு மேல தூக்க வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், கிணத்தில வாளி இழுக்க வேண்டாம், கொடியில உடுப்புக் காயப்போட வேண்டாம் எண்டுதான் சொல்லுறது. வயர் நுனி இதயத்தின்ர உள்சுவரில பிடிச்சு ஊறட்டும் எண்டு. ஆனா கையை ஆட்டவே வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல! தோளுக்குக் கீழ முன்னுக்குப் பின்னுக்கு மெதுவா ஆட்டிக்கொண்டு இருந்திருக்கோணும், இல்லாட்டி தோள் மூட்டு இறுகிப் போகும், உங்களுக்கு நடந்தது அதுதான். கிளினிக்கில சொல்லி பிசியோதெரபிக்குத் துண்டு வாங்குங்கோ. பயப்பட ஒண்டும் இல்ல, நாள் எடுக்கும், இளகும்.

51 கதை. ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்டு, விரல் மெசின் எண்ணுறது இதயத்தை இல்ல, விரலுக்கு வாற ரத்தத்தின்ர துடிப்பை. இடைக்கிடை ஒரு துடிப்பு முந்தி வந்தா அது விரலுக்கு வடிவா எட்டாது, மெசின் அதைத் தவற விட்டிடும். மற்றது, சில பெட்டிகளில ராவில நித்திரைக்கு எண்டு வேகத்தைக் குறைச்சு வைக்கலாம், பகலில 60, ராவில 50 எண்டு. உங்கட பெட்டியில அப்பிடி வச்சிருக்கா எண்டு கிளினிக்கில முதல் கேள்வியாக் கேளுங்கோ. அதுவரைக்கும் அந்த விரல் மெசினை மகளிட்டத் திருப்பிக் குடுங்கோ. பாக்கத்தான் வேணுமெண்டா காலமை ஒருக்கா, கதிரையில அஞ்சு நிமிஷம் இருந்துபோட்டு, மணிக்கட்டில கையை வச்சு முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கோ. 15 செக்கன் எண்ணி நாலால பெருக்கிற வேலை வேண்டாம்.

ஷொக் அடிக்கிறது வேற மெசின், அது கெட்ட துடிப்பு வந்தா அடிச்சு நிப்பாட்டுறதுக்கு வைக்கிறது. உங்களுக்கு வச்சது சாதாரண பேஸ்மேக்கர், அது குடுக்கிற கரண்ட் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சில ஆக்களுக்கு விக்கல் மாதிரி வயித்துக்கு மேல துடிக்கும், அது நிக்காட்டி கிளினிக்கில சொன்னா சரிப்படுத்துவினம்.

ஆனா காயம் சிவந்து சுட்டாலோ, நீர் கசிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, இடக்கை முழுக்க வீங்கினாலோ, திருப்பி மயக்கமோ முந்தினமாதிரி மூச்சு வாங்கலோ வந்தாலோ, ஆர் எப்பிடிப் பாத்தாலும் காரியமில்ல, போங்கோ. அந்த டொக்டர் தம்பி பாத்த பார்வையைத் தூக்கி அங்கால போடுங்கோ. வெறும் ஈ.சி.ஜியோட நூறு தரம் திரும்பி வந்தாலும் பரவாயில்ல, போகாம இருந்து சீழ் பிடிச்ச ஒராளைப் பாத்திருக்கிறன், முழுப் பெட்டியும் வயரும் கழட்ட வேண்டி வந்தது.

பொக்கற்றில காட் இருக்கா? அதை ஒரு படம் எடுத்து மனுசியின்ர போனிலயும் பிள்ளையளின்ர போனிலயும் போட்டு விடுங்கோ.

ஊர்ப்பெரியவர்:

ஐயா போன் பாவிக்கவே வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச ஒராள் போன் கதைச்சு நிண்டு போச்சு. மைக்ரோவேவ் இருக்கிற வீட்டுக்கே போகக்கூடாது. செப்புக் காப்பு ஒண்டு போட்டா கதிர் எல்லாத்தையும் இழுத்துப்போடும், என்னட்ட இருக்கு, வேணுமெண்டா சொல்லுங்கோ.

பழைய மிஸ்ஸி, உவர்மலை:

பெரியவர், காப்பு விக்கிறதெண்டா சந்தையில வையுங்கோ, இஞ்ச வேண்டாம்.

போன் தாராளமாப் பாவிக்கலாம். பெட்டியில இருந்து ஒரு சாண் தள்ளி இருந்தா காணும், கணக்குக்கு 15 சென்றிமீற்றர். வலக்காதில வச்சுக் கதையுங்கோ, இடப்பக்க சேட்டுப் பொக்கற்றில போடாதேங்கோ. புது ஐபோனுகளுக்குப் பின்னால காந்தம் இருக்கு, 12இல இருந்து, அதை நெஞ்சில வச்சுக்கொண்டு படுக்கக்கூடாது. அப்பிடித் தவறிக் காந்தம் பட்டாலும் பெட்டி செத்துப் போகாது, காந்தம் இருக்கிற நேரம் மட்டும் ஒரே வேகத்தில அடிச்சுக்கொண்டு நிக்கும், எடுத்தா பழையபடி வந்திடும்.

மைக்ரோவேவ், ரிவி, ஃபான், ஃபிரிஜ் எல்லாம் பிரச்சினை இல்ல. மனுசி மூடி வச்சது இண்டக்ஷன் அடுப்பெண்டா அதுக்கு மட்டும் 60 சென்றிமீற்றர், ஒரு முழமும் ஒரு சாணும் எண்டு வையுங்கோ, அவ்வளவு தள்ளி நிண்டா போதும். சமைக்கிறது அவவெண்டா உங்களுக்கு என்ன பிரச்சினை? பாவம் அந்தப் பிள்ளை, விறகுப் புகையில கிடக்குது. ட்ரான்ஸ்போமருக்குக் கீழால ரோட்டில நடந்து போறதால ஒண்டும் வராது.

கிண்ணியா மகன்:

அண்ணன், எங்கட வாப்பாக்கும் இதேதான். 2013ல வச்ச. முதல் ஒரு மாசம் உங்களை விட மோசம், ராவைக்கு உம்மாவை எழுப்பி "புள்ள, நெஞ்சில காத வச்சிப் பாரு, ஓடுதா" என்டு கேக்குற. உம்மாவும் காத வச்சி "ஓடுது ஓடுது, படுங்க" என்டு செல்லுற. இப்ப அத செல்லிச் செல்லிச் சிரிக்கிற எல்லாரும்.

பெட்டரி திடீரென்டு நிக்கிறெண்ட பயம் வாப்பாக்கும் இரிந்திச்சி. அப்பிடி இல்லயாம். ஒவ்வொரு கிளினிக்குலயும் நெஞ்சிக்கு மேல ஒரு சாமான வச்சி கம்பியூட்டர்ல பாக்குறாங்க, பெட்டரி எவ்வளவு இரிக்கி, வயர் சரியா, எத்தன வீதம் அதால துடிச்சிரிக்கி, எல்லாம் வரும். முடியப் போற நேரம் பெட்டியே அடையாளம் காட்டும், அந்த அடையாளத்துக்குப் பொறகும் மாத்துறத்துக்கு மாசக்கணக்குல டைம் இரிக்கி. வாப்பாக்கு 2022ல மாத்தின. ஒம்பது வருஷம் ஓடின. முதல் தடவை மாதிரி இல்ல, அதே இடத்துல வெட்டி பழைய பெட்டிய கழட்டி புதுச கொழுவின, வயர் பழசுதான். மத்த நாள் வீட்ட.

தொழுறத்துக்கு முதல் ரெண்டு கிழம கதிரயில இரிந்து தொழுத, பொறகு டொக்டர்ட்ட கேட்டுட்டு நெத்திய நிலத்துல வச்சி சுஜூது செய்த, ஒண்டும் இல்ல. உம்றாக்கும் போய் வந்த. எயார்போட்ல காட்டைக் காட்டின, கதவு மாதிரி இரிக்கிற மெசினுக்குள்ளால நிக்காம நடந்து போங்க என்டாங்க, கையில பிடிக்கிற கம்பிய மட்டும் நெஞ்சிக்கு நேர பிடிச்சிக்கிட்டு இரிக்க வேணாம் என்டு நாங்க சொன்ன.

ஆனா ஒண்டு, வாப்பா தோணிக்காரர். எஞ்சின் கவர் திறந்து ஓடுற நேரம் குனிஞ்சு பிளக் பாக்குறது அவர்ட பழக்கம். அத விட்டுட்டார், இப்ப தம்பிதான் குனியிற. வாப்பா ஒரு அடி தள்ளி நிண்டுக்கிட்டு அதிகாரம் பண்ணுற. முந்தி குனியிறதோட சரி, இப்ப வாயும் ஓயுறல்ல!

டச்சு பே அந்தி:

அண்ணா வணக்கம். நான் பொம்பிளை, வயசு 44, வச்சு மூண்டு வருஷம். எனக்கு பிளொக் இல்ல, துடிப்பைத் தொடக்கி விடுற இடமே சோம்பலாப் போச்சு எண்டு சொன்னவை.

எல்லாரும் உங்களுக்கு வயர், பற்றரி எல்லாம் சொல்லீட்டினம், நான் மற்றதைச் சொல்லுறன். எனக்கு 41 வயசில இது வந்தது, கிளினிக் வாங்கில என்னைச் சுத்தி எல்லாரும் 70, 75. அந்த வாங்கில இருந்து எழும்பி ஓடோணும் போல இருந்தது. பிளவுஸ் போட்டா இடப்பக்கத் தோள் பட்டி சரியா பெட்டிக்கு மேலால போகும், உராஞ்சு உராஞ்சு எரியும், பழைய வேட்டித் துணியை நாலா மடிச்சு அதுக்குக் கீழ வச்சுக்கொண்டு திரிஞ்சன், பேந்து தையல்கார அக்காட்டச் சொல்லி பட்டியை இன்னும் வெளியால தைச்சு எடுத்தன். கலியாண வீடொண்டில ஒரு மாமி, "ஐயோ பிள்ள அது என்ன கட்டி" எண்டு நாலு பேர் கேக்கக் கேட்டா, நானும் உரத்துச் சொன்னன், "மெசின் மாமி, உங்களுக்கும் வேணுமோ" எண்டு. 😄 அண்டைக்கு ராவு வீட்ட வந்து அழுததும் உண்மை.

எனக்குப் பயம் குளிக்கிற அறையில. உள்ளுக்க விழுந்தா ஆரும் வரமாட்டினம் எண்டு ஏழு மாசம் தாழ்ப்பாள் போடாமக் குளிச்சன். நாடி பாக்கிற வருத்தமும் இருந்தது, ஒரு நாளைக்கு 40 தரம். ஒருக்கா எண்ணிப் பாத்திட்டு எனக்கே பயம் வந்து கிளினிக்கில சொன்னன். இருந்த டொக்டர் நல்ல மனுசி, இதயத்துக்கு வேலை முடிஞ்சுது, இனி மனசுக்குப் பாப்பம் எண்டு சொல்லி மனநல கிளினிக்குக்கு எழுதித் தந்தவ. ஆறு மாசம் குளிசை, கதைக்கிறதுக்கு ஒரு தங்கச்சி. விசர் எண்டு சனம் சொல்லும் எண்டு ஒளிச்சுத்தான் போனன், இப்ப ஒளிக்கிறதில்ல. உங்களுக்கு ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்லையெண்டா, கடைக்குள்ள இருந்து அழுறதெண்டா, நீங்களும் சொல்லுங்கோ. பேஸ்மேக்கருக்கு அந்தக் குளிசையள் எதிரி இல்ல, ஆனா அது இருக்கெண்டு அவைக்குத் தெரியோணும்.

பேந்து நடை. பின்னேரம் டச்சு பே கரையில லைட் கம்பத்துக்கு லைட் கம்பம் கணக்கு வச்சு நடந்தன், முதல் நாள் மூண்டு கம்பம். மூண்டு மாசத்தில கோணேசர் கோயிலுக்கு ஏறினன். கோட்டை வாசலில மான் நிக்குமே, அதில ஒண்டு என்ர பையை மணந்துகொண்டு பின்னால வந்தது, அது வாழைப்பழத்தை இழுத்த இழுவையில நான் நாடியைப் பிடிக்க மறந்திட்டன், கோயில் வாசலில செருப்பைக் கழட்டேக்கதான் நினைவு வந்தது.

இன்னுமொண்டு, சும்மா அறிஞ்சு வையுங்கோ. உலகத்தில முதல் முதல் உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வச்சது 1958 ஒக்டோபர் 8, சுவீடனில, ஆர்னே லார்சன் எண்டவருக்கு. முதல் வச்ச பெட்டி சில மணித்தியாலம்தான் ஓடினது. மனுசன் விடேல்ல, சாகிறதுக்குள்ள 26 பெட்டி மாத்தி 2001 வரைக்கும் இருந்து 86 வயசில போனவர், அதுவும் இதயத்தால இல்ல. எனக்கு அந்த 26ஐ நினைச்சாத்தான் சிரிப்பும் தைரியமும் வரும்.

சீனக்குடா பிற்றர்:

அண்ணை, உங்கட மெயின் கேள்விக்கு ஒருத்தரும் வரேல்ல. நானும் வெல்டிங்தான், எனக்கில்ல, எங்கட பழைய போர்மனுக்கு பேஸ்மேக்கர், அவருக்காக ஓடித் திரிஞ்சு கேட்டு வச்சது.

விஷயம் என்னெண்டா, பெட்டி உங்கட இதயத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கும். இதயம் தானா அடிச்சா அது சும்மா இருக்கும், அடிக்காட்டித்தான் அடிக்கும். ரொட் நுனியில எரியிற வெல்டிங் ஆர்க்கும் கேபிளும் போடுற காந்தப் புலத்தைப் பெட்டி பிழையா விளங்கி, "ஓ, இதயம் அடிக்குது" எண்டு நினைச்சு தான் அடிக்காம விட்டிடலாம். சாதாரண ஆளுக்கு ரெண்டு துடிப்புப் போனாப் பரவாயில்ல. உங்களுக்கு முழு பிளொக், பெட்டி விட்டா கீழால தாங்கிப் பிடிக்கத் தானா வாற துடிப்பு இருக்கோ இல்லையோ எண்டது டொக்டருக்குத்தான் தெரியும். அதால அவர் ஓம் எண்டு சொல்லாம வெல்டிங் ஹோல்டரைத் தொடாதேங்கோ. இது என்ர கதை இல்ல, கட்டாயம்.

ஓம் எண்டாலும் பெட்டி செய்யிற கொம்பனியளின்ர அறிவுறுத்தல் இருக்கு, கொம்பனிக்குக் கொம்பனி கொஞ்சம் மாறும், உங்கட காட்டில இருக்கிற மொடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கோ. போர்மனுக்குச் சொன்னது: 160 அம்பியருக்கு மேல போகாதே. ஆர்க்குக்கும் நெஞ்சுக்கும் இடையில ரெண்டு அடி. பிளான்ட், அதுதான் வெல்டிங் மெசின், அஞ்சு அடி தள்ளி. ஏர்த் கிளாம்பை ஒட்டுற இடத்துக்குக் கிட்டக் கொழுவு, ரெண்டு கேபிளையும் சேத்துப் பிணைச்சு விடு. ஈரத்தில நிக்காதே, தனிய நிண்டு செய்யாதே. தலை சுத்தினா அப்பிடியே ஹோல்டரைப் போட்டிட்டு விலகு.

இப்ப எங்கட பழக்கங்களை யோசிச்சுப் பாருங்கோ. கேற்றை நிலத்தில போட்டு குந்தி இருந்துதான் ஒட்டுறது, ரெண்டு அடி எங்க, ஒண்டரை அடி வந்தாப் பெரிசு. அதிலும் கேபிள் பாரமா இருக்கெண்டு இடத் தோளுக்கு மேலால போட்டுக்கொண்டு, சரியா பெட்டிக்கு மேலால! அதை விட மோசம் புள்ளி வைக்கிறது. கிறில் சட்டத்தை நேர் பாத்துப் பாத்து டக் டக் டக் எண்டு புள்ளி வைப்பமே, அந்தச் சின்னச் சின்ன விட்டு விட்டு அடிக்கிற ஆர்க்தான் நாடித்துடிப்பு மாதிரியே இருக்கிறது, பெட்டியை ஏமாத்துறதுக்கு எண்டு செய்த மாதிரி. ஒரு புள்ளிக்கும் மற்றதுக்கும் இடையில பத்து செக்கன் எண்ணச் சொல்லித்தான் போர்மனுக்குச் சொன்னவை.

ஆனா அம்ப் கணக்கைப் பாத்துப் பயப்படாதேங்கோ. கிறிலுக்கு 2.5 மில்லி ரொட், 70, 80 அம்பில ஓடுது, 3.2 எண்டாலும் 120 பக்கம். 160 தாண்டுறது 4 மில்லி ரொட் போட்டு மொத்தச் சாமான் ஒட்டேக்கதான். மேசை உயரமாப் போட்டு, நிண்டுகொண்டு, கையை நீட்டிச் செய்தா தூரமும் வரும். கிறைண்டர், ட்றில் பாவிக்கலாம், நெஞ்சோட அணைச்சுப் பிடிக்காம ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கோ. நாங்கள் நெஞ்சால அமத்தித்தானே ட்றில் அடிக்கிறது, அதுதான் வேண்டாம். ஜெனரேற்றர் ஓடினா ஒரு அடி.

போர்மன் இப்ப ஒட்டுறதில்ல. டொக்டர் வேண்டாம் எண்டிட்டார். கதிரையில இருந்துகொண்டு அளவு எடுக்கிறார், மட்டம் பாக்கிறார், பொடியள் ஒட்டினதைச் சுத்தியலால தட்டி மேல படிஞ்ச கசடை விழுத்திப் பாத்து ஏசுறார். அவர் சந்தோசமா இருக்கிறார் எண்டு பொய் சொல்ல மாட்டன்.

பழைய மிஸ்ஸி, உவர்மலை:

பிற்றர் தம்பி சொன்னது வலு வடிவு. நான் இன்னும் ரெண்டு சொல்லிப் போட்டுப் போறன். பல்லுக்குக் காட்டப் போனாலும் வேற ஒப்பரேஷன் எண்டாலும் முதல்லயே காட்டைக் காட்டுங்கோ, கரண்டால சூடு வச்சு ரத்தம் நிப்பாட்டிற மெசின் பாவிப்பினம், அதுக்கு முன்னாயத்தம் வேணும். நோவுக்கு உடம்பில கரண்ட் பாய்ச்சுற சின்ன மெசின் மருந்துக்கடையில விக்கினம், தோள் நோவுக்கு எண்டு ஆரும் அதைக் கொண்டு வந்தா வேண்டாம். எம்.ஆர்.ஐ இப்ப வைக்கிற கன பெட்டிக்கு எடுக்கலாம், ஆனா மொடலைப் பாத்து, பெட்டியை அந்த நேரத்துக்கு எண்டு மாத்தி வச்சுத்தான்.

மற்றது கோவிக்காதேங்கோ, ஒருநாளும் ஒருத்தரும் சொல்லாத கதை. நாங்கள் செத்தா எரிக்கிற ஆக்கள். லித்தியம் பற்றரி நெருப்பில வெடிக்கும், அதால எரிக்க முதல் பெட்டியைக் கழட்டோணும். வீட்டில ஒராளுக்குத் தெரிஞ்சிருக்கட்டும். இப்ப சொல்லி வச்சிட்டு, 30 வருஷத்துக்கு மறந்திடுங்கோ.

இரும்புக்கடையார்:

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், எல்லாருக்கும் பெரிய நன்றி. மிஸ்ஸி அக்கா சொன்ன எரிக்கிற கதையை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன், அகப்பையால அடிக்க வந்திட்டா. பேந்து அவவே மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லுறா, "அப்பாட காட்டை படம் எடுத்து வை, அதில வேற வேலையும் இருக்காம்" எண்டு.

கிளினிக் போனன். நெஞ்சில வட்டச் சாமான் ஒண்டு வச்சு, கம்பியூட்டரில கோடு கோடா ஓடினது. நீங்கள் எல்லாரும் சொன்னமாதிரி ஒரு கொப்பித் தாளில கேள்வியெல்லாம் எழுதிக்கொண்டு போனன், முதல் கேள்வி 51. பாத்த பிள்ளை சிரிச்சுப்போட்டு சொல்லுது, ராவு பத்துத் தொடங்கி விடிய ஆறு மட்டும் 50க்கு வச்சுக் கிடக்காம். பெட்டி சொன்னபடி வேலை செய்திருக்கு, நான்தான் ராராவா அதை விசாரணை செய்துகொண்டு கிடந்திருக்கிறன். இதை அண்டைக்கே ஒருத்தர் வாயால சொல்லியிருந்தா எனக்கு ஒரு மாச நித்திரை மிச்சம். பற்றரி பத்து வருஷத்துக்கு மேல காட்டுது எண்டினம். விரல் மெசின் இப்ப மகள் வீட்ட.

கீழ் அறைத் துடிப்பில 99 வீதம் பெட்டியாலதானாம். அதைக் கேட்டதும் பழையபடி நடுங்கீட்டு. அப்ப டொக்டர் சொன்னார், அது பெட்டி இல்லாட்டி நீங்கள் இல்லை எண்ட கணக்கில்ல, பெட்டியை வைச்சது அந்த வேலைக்குத்தான், அது தன்ர வேலையைச் செய்யுது எண்டு. வெல்டிங் கேட்டன். பெட்டியை ஒரு கொஞ்ச நேரம் மெதுவாக்கிப் பாத்தவை, எனக்குத் தானா வாற துடிப்பு வலு குறைவு. அதால இப்போதைக்கு ஹோல்டர் பிடிக்க வேண்டாம், ஆறு மாசத்தில திருப்பிப் பாப்பம் எண்டிட்டார். 2.5 ரொட் கணக்கெல்லாம் சொல்லிப் பாத்தன், மனுசன் அசையேல்ல. வரேக்க பஸ்ஸில ஒரு வார்த்தை கதைக்கேல்ல நான். நித்திரை கதையும் சொன்னன், டச்சு பே தங்கச்சி, உங்கட சொல்லுக்காகத்தான் வாயைத் திறந்தனான். வாற கிழமை அந்தக் கிளினிக்குக்கும் போறன்.

கை இளகுது. பிசியோவில சுவரில விரலால ஏணி ஏறுற மாதிரி நடத்திக் காட்டினவை. கடைச் சுவரில வெல்டிங் சோக்கால ஒவ்வொரு நாளும் எட்டின இடத்தில கோடு கீறுறன், தேதி போட்டு, மட்டம் வச்சு. மேல என்ர சேட் கொழுவுற ஆணி இருக்கு, அதுக்கு இன்னும் நாலு விரற்கடை கிடக்கு. பொடியன் ஒட்டுறான். புள்ளி வைக்கேக்க கை உதறுது அவனுக்கு, நான் பத்து அடி தள்ளிக் கதிரையில இருந்து "கையை மேசையில ஊண்டடா" எண்டு கத்துறன், கிண்ணியா வாப்பா மாதிரித்தான்.

ஒரு கேள்வி கிடக்கு. பெரிய பிளான்ட் ஒண்டு இருக்கு, 300 அம்ப். பொடியன்ர வேலைக்குச் சின்ன இன்வேற்றர் வெல்டிங் மெசின் ஒண்டு காணும். இதை விக்கலாமோ எண்டு யோசிக்கிறன்.

சீனக்குடா பிற்றர்:

அண்ணை அது செப்புக் கொயிலா அலுமினியமா? அலுமினியமெண்டா இப்ப குடுத்திடுங்கோ, பெரிசா விலை போகாது.

இரும்புக்கடையார்:

செப்பு தம்பி. 94ல வாங்கினது, ஒருக்காலும் கொயில் கட்டேல்ல.

சீனக்குடா பிற்றர்:

அப்ப ஆறு மாசம் அப்பிடியே கிடக்கட்டும் அண்ணை. சாக்குப் போட்டு மூடி வையுங்கோ, உப்புக் காத்து.